அசலான கன்சர்வேடிவ்கள் பத்துப் பேர் இருக்க, ஏன் ட்ரம்ப்?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: 2016இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக 17 பேர் போட்டியிட்டார்கள். கவர்னர், செனட்டர் என்று கட்சிக் கொள்கையில் ஊறியவர்கள் பத்துப் பேராவது அதில் இருந்தார்கள். அப்படியிருக்க, மூன்று திருமணம், சூதாட்ட விடுதி, எதிர்க்கட்சிக்காரர்களுக்கே நன்கொடை கொடுத்த பழைய கணக்கு என்று இருந்த டொனால்ட் ட்ரம்பை ஒரு கன்சர்வேடிவ் வாக்காளர் எப்படித் தேர்ந்தெடுத்தார்? ஏமாந்தாரா, தெரிந்தே செய்தாரா?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தனி வாக்காளர் ஒருவர் அந்தப் பட்டியலை எப்படிப் பார்த்தார் என்பது ஒன்று. கட்சி எப்படி ட்ரம்பிடம் போய்ச் சேர்ந்தது என்பது இன்னொன்று. முதலாவது மனுஷர்களைப் பற்றியது, இரண்டாவது பெரும்பாலும் கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான், கன்சர்வேடிவ்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் மனம் மாறிவிட்டார்கள் என்று தோன்றும்.

நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ள என்னைப் பற்றி இரண்டு வரி. தென் கரோலினாவின் வடமேற்கு மூலையில், கிரீன்வில் பக்கத்தில், 20 வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் அமெரிக்க அரசியலமைப்பும் தேர்தல் முறையும் பாடம் எடுக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு, தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் வேலை பார்ப்பதும் உண்டு. ஆகவே விதிகளையும் எண்ணிக்கைகளையும் பற்றி நான் எழுதுவதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மனசுகளைப் பற்றி எழுதுவது என் தெரு, என் வகுப்பு, என் சாவடி இவற்றுக்குள் அடங்கியது. அயோவாவில் சோளம் பயிரிடுகிறவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். இன்னொன்று, ‘பழமைவாதி’ என்று நான் எழுதப்போவதில்லை. நம் ஊரில் அது பாதி வசவு. இங்கே ‘நான் கன்சர்வேடிவ்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் கன்சர்வேடிவ் என்றே இருக்கட்டும்.

1980களில் அதிபராக இருந்த ரேகன் காலத்திலிருந்து இங்கே கன்சர்வேடிவ் கொள்கையை முக்காலி என்று சொல்வார்கள். குறைந்த வரியும் சிறிய அரசாங்கமும் ஒரு கால், கருக்கலைப்பு எதிர்ப்பு முதலான மத நம்பிக்கைகள் ஒரு கால், பலமான ராணுவம் ஒரு கால். அந்த முக்காலியை வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயம். டெக்சாஸ் செனட்டர் டெட் க்ரூஸ் அதில் ஆடாமல் உட்காருவார். ஃபுளோரிடாவின் மார்கோ ரூபியோவும் ஏறக்குறைய அப்படியே. ஸ்காட் வாக்கர் விஸ்கான்சின் கவர்னராக அரசு ஊழியர் சங்கங்களோடு மோதி, அதற்காகவே நடத்தப்பட்ட திருப்பியழைப்புத் தேர்தலிலும் ஜெயித்தவர். மைக் ஹக்கபீ 2008இலும் ரிக் சான்டோரம் 2012இலும், கட்சி வேட்பாளர் தேர்வு தொடங்கும் மாநிலமான அயோவாவைப் பிடித்தவர்கள். கென்டக்கி செனட்டர் ராண்ட் பாலுக்கு ராணுவக் கால் கொஞ்சம் குட்டை. ஒஹையோவின் ஜான் கேசிக் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் ஒபாமா காலத்து விரிவாக்கத்தை ஏற்றுக்கொண்டவர் என்பதால் பலருக்கு அவர் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும். ட்ரம்ப்? முதியோர் ஓய்வூதியத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் கை வைக்க மாட்டேன் என்றார், வர்த்தக ஒப்பந்தங்கள் எல்லாம் மோசம் என்றார், ஈராக் போர் தப்பு என்றார். முக்காலியின் இரண்டு கால்களை மேடையிலேயே ரம்பத்தால் அறுத்தார். 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய, கன்சர்வேடிவ் சிந்தனைக்குத் தாய்வீடு மாதிரியான நேஷனல் ரிவ்யூ பத்திரிகை 2016 ஜனவரியில் அவருக்கு எதிராக ஒரு சிறப்பிதழே போட்டது. எங்கள் தெருவில் அதை வாசித்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

எதிர் வீட்டுப் பெரியவருக்கு அப்போது 68 வயது. மில்லில் வேலை பார்த்தவர். கிரீன்வில் ஒரு காலத்தில் உலகத்தின் ஜவுளி மையம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர். 90களிலும் அதற்குப் பிறகும் அந்த மில்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்றைக்கு அந்தச் செங்கல் கட்டடங்கள் சிலதில் அடுக்குமாடிக் குடியிருப்பும் காபிக் கடையும் இருக்கின்றன. நான் கோயம்புத்தூர்க்காரன். மில் மூடினால் அதைச் சுற்றியிருந்த டீக்கடைக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனாலேயே நாங்கள் இரண்டு பேரும் வேலி ஓரத்தில் நின்று நிறையப் பேசியிருக்கிறோம்.

அவர் 1980இல் ரேகனுக்குப் போட்டவர். 1996 பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், பாட் புகேனனுக்குப் போட்டவர். இந்த இரண்டாவது பெயர்தான் முக்கியம். புகேனன் நிக்சனிடமும் ரேகனிடமும் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர். 1992இல் பதவியில் இருந்த சொந்தக் கட்சி அதிபரான அப்பா புஷ்ஷையே எதிர்த்து நியூ ஹாம்ப்ஷயரில் 37 சதவீதம் வாங்கினார். 1996இல் அந்த மாநிலத்தை ஜெயித்தே காட்டினார். அவர் பேசியது மூன்று விஷயம்: வர்த்தக ஒப்பந்தம் நம் தொழிற்சாலையைத் தின்கிறது, எல்லையில் கட்டுப்பாடு இல்லை, வெளிநாட்டுப் போர்கள் நமக்கு வேண்டாம். கேட்ட குரலாக இருக்கிறதா? தென் கரோலினாவில் அவர் பாப் டோலிடம் தோற்றார், கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அவருக்குப் போட்டவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. எதிர் வீட்டில் புல்வெட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரம்ப் கன்சர்வேடிவ் வீட்டுக்குள் வெளியாளாக நுழைந்தார் என்பது பாதி உண்மைதான். அவர் திறந்த அறை வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது, கட்சித் தலைமை பூட்டி வைத்திருந்தது.

2015 கோடையில் பெரியவர் 17 பேருடைய படமும் இருந்த ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கராஜ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். யாராவது விலகினால் பென்சிலால் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. செப்டம்பர் 11இல் ரிக் பெர்ரிக்குக் கோடு, 21இல் வாக்கருக்கு. வாக்கருக்குப் போட்ட அன்று அவருக்கு உண்மையிலேயே வருத்தம், அதுவரை அவர்தான் இவருடைய ஆள். மற்றவர்களை அவர் அலசிய விதம்தான் எனக்குப் பாடமாக இருந்தது. கொள்கை என்ன என்று அவர் கேட்கவே இல்லை. கொள்கைப் பேச்சு 17 பேருக்கும் ஒன்றுதான், அதை எழுதிக் கொடுப்பவர்களும் ஒரே கூட்டம்தான் என்பது அவர் முடிவு. ஒவ்வொரு முகத்தையும் காட்டி அவர் கேட்டது, “இவர் யாருக்குப் பயப்படுகிறார்?” என்று. முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ் நன்கொடை கொடுத்தவர்களுக்கு. ரூபியோ பத்திரிகைகளுக்கு. கேசிக்கை அவர் அந்தக் கேள்வி வரைக்கும்கூட கொண்டுபோகவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கடன் கணக்கு இருந்தது. 2010இல் கீழவையைக் கொடுங்கள், ஒபாமாவைத் தடுத்து நிறுத்துகிறோம் என்றார்கள் கட்சித் தலைவர்கள். மக்கள் 63 இடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். செனட் கையில் இல்லையே என்றார்கள். 2014இல் அதையும் கொடுத்தார்கள். இப்போது வெள்ளை மாளிகை இல்லையே என்கிறார்கள். நடுவில், 2012இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி தோற்றதும் கட்சித் தலைமை ஓர் ஆய்வறிக்கை போட்டு, குடியேற்றச் சட்டத்தில் இறங்கிப் போக வேண்டும் என்றது. 2013இல் அப்படி ஒரு மசோதா செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறியது. அதை எழுதிய எட்டுப் பேரில் ரூபியோ ஒருவர். கீழவையில் அது எடுக்கப்படவே இல்லை, ஆனால் பெரியவர் மறக்கவும் இல்லை. அடுத்த வருடம் வர்ஜீனியாவில் கீழவைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், பெயர் தெரியாத ஒரு பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றபோதே எங்களைப் போன்றவர்கள் கவனித்திருக்க வேண்டும். நான் அதை ஓர் உள்ளூர் விபத்து என்று வகுப்பில் சொன்னேன்.

2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லாந்தில் முதல் விவாதம். கருத்துக்கணிப்பில் முதல் பத்து இடத்தில் இருந்தவர்கள் மேடையில், மீதிப் பேர் சாயங்காலமே தனியாக. முதல் கேள்வி: கட்சி யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஆதரிப்பேன் என்று உறுதி தர மாட்டாதவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது, ட்ரம்புடையது. அரங்கம் கூச்சலிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவருக்கு அந்த ஒரு கை போதுமானதாக இருந்தது. யாருக்கும் பயப்படாத ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அன்றைக்குத் தீர்மானித்தவர், அப்புறம் ட்ரம்ப் என்ன பேசினாலும் அதை அந்தக் கணக்கிலேயே வரவு வைத்தார்.

அந்த வீட்டு அம்மாவின் கதை வேறு. சதர்ன் பாப்டிஸ்ட் சபை, ஞாயிறு பள்ளியில் 30 வருடமாக ஆசிரியை. அவர் மனசு முதலில் ஹக்கபீயிடம் இருந்தது, பிறகு ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பிரித்த மூளை அறுவை மருத்துவர் பென் கார்சனிடம் போனது, கடைசியில் க்ரூஸிடம் நின்றது. 2016 ஜனவரியில் லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ட்ரம்ப் பேசியபோது பைபிளிலிருந்து ஒரு வசனம் எடுத்தார். நாம் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் என்போம். இங்கே அதை ‘செகண்ட் கொரிந்தியன்ஸ்’ என்பார்கள், சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் ‘டூ கொரிந்தியன்ஸ்’ என்றார். எண்ணைப் பார்த்து அப்படியே படித்துவிட்டார். (பிரிட்டனில் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்த அம்மா கோபப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த மனுஷர் புஸ்தகத்தை விரித்ததே இல்லை” என்றார்.

ஆனால் அவர் சபையிலேயே பாதிப் பேர் ட்ரம்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின வருடம் ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை நாடு முழுக்கச் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. ஊர் இனி நம் கையில் இல்லை என்ற நினைப்பு அந்தச் சபைகளில் பரவலாக இருந்தது. அந்த அம்மாவோடு பாடகர் குழுவில் இருந்த ஒரு தோழி சொன்னதாக அவர் சொன்னது எனக்கு மறக்காது: “எனக்குப் பாஸ்டர் ஏற்கெனவே இருக்கிறார். இப்போது வேண்டியது வாசலில் நிற்க ஒரு முரட்டு ஆள்.” பிரைமரி நடந்த அன்று எடுத்த வாக்கெடுப்புக்குப் பிந்தைய கணிப்பில், எங்கள் மாநிலத்தில் குடியரசுக் கட்சிப் பிரைமரிக்கு வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் தங்களை எவஞ்சலிக்கல், அதாவது பைபிளில் அழுத்தமான பிடிப்புள்ள புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், என்று சொன்னார்கள், அவர்களிடமும் முதலிடம் ட்ரம்புக்குத்தான். எவஞ்சலிக்கல் என்பது அவரவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பெயர் என்பதையும் மனதில் வையுங்கள். வாராவாரம் சபையில் உட்காருகிறவரும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிறவரும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான்.

மகன் சார்ல்ஸ்டன் பக்கம் மவுண்ட் பிளசன்டில் பொறியாளர். அவர் ரூபியோ. பக்லி 1967இல் சொன்ன ஒரு விதியைக் கட்சிக்காரர்கள் அடிக்கடி எடுத்துவிடுவார்கள்: ஜெயிக்கக்கூடியவர்களில் யார் அதிகம் வலதுசாரியோ அவருக்குப் போடு. மகன் அந்த விதியின்படி நடந்தவர். இளைஞர், ஸ்பானிஷ் பேசுவார், ஃபுளோரிடாவைக் கொண்டுவருவார் என்று கணக்குப் போட்டார். நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில், ஒபாமாவைப் பற்றிய ஒரே வாக்கியத்தை ரூபியோ திரும்பத் திரும்ப ஒப்பித்ததும், மனப்பாடம் என்று சக போட்டியாளர் கிறிஸ் கிறிஸ்டி அந்த இடத்திலேயே குத்திக்காட்டியதும் அவருக்குச் சங்கடம்தான். என்றாலும் மாறவில்லை. எங்கள் கவர்னர் நிக்கி ஹேலி, செனட்டர் டிம் ஸ்காட், எங்கள் கீழவை உறுப்பினர் ட்ரே கவுடி மூன்று பேரும் ரூபியோவுக்காக மேடையேறினார்கள். இதைவிடப் பெரிய உள்ளூர் ஆதரவு இந்த மாநிலத்தில் கிடையாது.

ஆக, ஒரே குடும்பம், மூன்று பேரும் நவம்பரில் கண்ணை மூடிக்கொண்டு குடியரசுக் கட்சிக்குப் போடுகிறவர்கள், ஒரே பட்டியலைப் பார்த்தார்கள். தகப்பனார் யார் சண்டை போடுவார் என்று பார்த்தார். தாயார் யார் நம்மவர் என்று பார்த்தார். மகன் யார் ஜெயிப்பார் என்று பார்த்தார். வகுப்பில் நான் நடத்துகிற முக்காலி இந்த மூன்று பேரில் யாருடைய கையிலும் இல்லை.

பிப்ரவரி 13, சனிக்கிழமை ராத்திரி, விவாதம் எங்கள் ஊரிலேயே நடந்தது. அன்றைக்குத்தான் உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்கலியா இறந்துபோன செய்தி வந்திருந்தது. மேடையில் ட்ரம்ப், ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறதென்று சொன்னது பொய், பொய் என்று தெரிந்தே சொன்னார்கள் என்று மகன் புஷ்ஷின் நிர்வாகத்தை நேராகத் தாக்கினார். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த மாநிலம், 2000இல் ஜார்ஜ் புஷ்ஷுக்கு மறுவாழ்வு கொடுத்த மாநிலம். அரங்கம் ஊளையிட்டது. திங்கட்கிழமை தம்பி ஜெப்புக்காக அந்த ஜார்ஜ் புஷ்ஷே நார்த் சார்ல்ஸ்டனுக்கு வந்து பேசினார். ட்ரம்ப் தன் குழியைத் தானே தோண்டிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை வகுப்பில் சொன்னேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் கடைத்தெருவில் பார்த்தால் இன்னும் அதை ஞாபகப்படுத்துவார்கள். பெரியவரின் அக்கா மகன் ஈராக்குக்கு இரண்டு தடவை போய் வந்தவர். அந்த வாரம் அதைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம் ஆட்களில் யாராவது ஒருவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது” என்றார்.

20ஆம் தேதி, மறுபடி சனிக்கிழமை, எங்கள் மாநிலக் குடியரசுக் கட்சிப் பிரைமரி. ஒரு சபைக் கூடத்தில் காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஏழு வரை சாவடி. எங்கள் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயரே கிடையாது. யாரும் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் போடலாம், ஏதாவது ஒன்றில் மட்டும். ஜனநாயகக் கட்சிக்கு அடுத்த சனிக்கிழமை. “இதில் போட்டுவிட்டு அடுத்த வாரம் ஹிலாரிக்கு எதிராகவும் போடலாமா?” என்று நாலைந்து பேர் என்னிடம் கேட்டார்கள். மாநிலம் முழுக்க ஏறக்குறைய 7.4 லட்சம் பேர் வந்தார்கள், அதுவரை இல்லாத கூட்டம். எதிர் வீட்டுத் தம்பதி ஒன்றாக வந்து, அடுத்தடுத்த இயந்திரத்தில் போட்டுவிட்டு, சட்டையில் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

இனி கணக்கு. ட்ரம்ப் 32.5 சதவீதம், ரூபியோ 22.5, க்ரூஸ் 22.3, ஜெப் புஷ், கேசிக், கார்சன் மூவரும் ஏழெட்டு சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு யாருக்கோ போட்டார்கள். ரூபியோவுக்கும் க்ரூஸுக்கும் இடையே ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுதான் வித்தியாசம், அதாவது எதிர்ப்பு ஓட்டு அழகாக இரண்டாகப் பிளந்தது. நம் மாவட்டம் மாதிரியான 46 கவுண்டிகளில் ரூபியோ ஜெயித்தது இரண்டு, மீதி 44 ட்ரம்புக்கு. மாநிலத்துக்கு மொத்தம் 50 டெலிகேட், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். மாநில அளவில் முதலில் வருகிறவருக்கு 29, ஏழு கீழவைத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வருகிறவருக்கு 3. ட்ரம்ப் ஏழிலும் முதலில் வந்தார், 50ஐயும் அள்ளினார். விகிதாசாரப்படி பிரித்திருந்தால் 16, 17 கிடைத்திருக்கும். நம் ஊரில் ஓட்டுப் பிரிந்துவிட்டது என்பார்களே, அதே வியாதி. 2012இல் ராம்னி மாதக்கணக்கில் உள்கட்சியில் அடிபட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த கட்சித் தலைமை, முன்னணியில் இருக்கிற ஆள் சீக்கிரம் ஜெயித்து முடிக்கட்டும் என்று கால அட்டவணையைச் சுருக்கியிருந்தது. ஜெப் புஷ் மாதிரி ஒருவருக்காக விரித்த கம்பளத்தில் நடந்து போனது வேறு ஆள். ஜெப் புஷ் அன்றைக்கு ராத்திரியே விலகினார். அவருக்காகத் திரட்டப்பட்ட பணம் 10 கோடி டாலருக்கு மேல், கிடைத்த டெலிகேட் 4. அந்தப் பணத்தில் கணிசமான பங்கு ட்ரம்பை விட்டுவிட்டு ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களுக்குப் போனது என்பது தனிக் கூத்து.

மார்ச் 1இல் 11 மாநிலங்களில் ட்ரம்ப் 7, க்ரூஸ் 3, ரூபியோ 1. மார்ச் 15இல் ஃபுளோரிடாவின் 99 டெலிகேட்டும் மொத்தமாகப் போய், சொந்த மாநிலத்தில் தோற்ற ரூபியோ விலகினார். மே 3 இண்டியானாவோடு க்ரூஸும், மறுநாள் கேசிக்கும் ஒதுங்கினார்கள். வேட்பாளராகத் தேவைப்பட்ட 1,237 டெலிகேட்டை ட்ரம்ப் தாண்டினார். ஆனாலும் எல்லா மாநிலங்களையும் சேர்த்து அவர் வாங்கியது 1.4 கோடி ஓட்டு, சுமார் 45 சதவீதம். அதில் கடைசி ஒரு மாதம் எதிரில் ஆளே இல்லை.

இதுவரை சொன்னதில் எண்களும் விதிகளும் உறுதியானவை. இனி வருவது வாதத்துக்கு உரியது. எதிரில் ஒரே ஆள் நின்றிருந்தால் ட்ரம்ப் தோற்றிருப்பாரா? தோற்றிருப்பார் என்பவர்கள் விஸ்கான்சினைக் காட்டுவார்கள், அங்கே ஏப்ரலில் க்ரூஸ் 48க்கு 35 என்று அடித்தார். தோற்றிருக்க மாட்டார் என்பவர்கள் இண்டியானாவைக் காட்டுவார்கள், அங்கே ட்ரம்ப் 53க்கு 37. என் எதிர் வீட்டை வைத்துச் சொன்னால், அந்த அம்மா ரூபியோவுக்கு மாறியிருப்பார், ஆனால் க்ரூஸ் மட்டும் களத்தில் இருந்திருந்தால் மகன் வீட்டிலேயே இருந்திருப்பார், க்ரூஸைக் கண்டாலே அவருக்கு ஆகாது. முன்னாள் கீழவைத் தலைவர் ஜான் பேனர் அந்த ஏப்ரலில் க்ரூஸை ‘மனித உருவில் சாத்தான்’ என்றாரே, கட்சிக்குள் அவருக்கு இருந்த நட்பு அவ்வளவுதான். ஆகவே ‘ட்ரம்ப் அல்லாத 67 சதவீதம்’ என்று ஒரு தனிக் கட்சி இருந்த மாதிரிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. அதேபோல், இது மில் மூடியதால் வந்த கோபமா, குடியேறிகள் மீதும் நிறத்தின் மீதும் இருந்த கசப்பா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னால் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது. வேலியோரப் பேச்சில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்திருக்கின்றன. பிரவுன் நிறத்தில் நான் எதிரே நின்றுகொண்டிருக்க, “உன்னைச் சொல்லவில்லை” என்று ஒரு பின்குறிப்போடு வந்திருக்கின்றன.

ஏமாந்தாரா என்று கேட்டீர்கள். ஸ்கலியாவின் இடத்தைத் தேர்தல் வரை நிரப்பவே மாட்டோம் என்று செனட் நிறுத்தி வைத்தது. மே மாதம் ட்ரம்ப், இவர்களில் இருந்துதான் நியமிப்பேன் என்று 11 நீதிபதிகளின் பெயரை வெளியிட்டார். பிரைமரியில் க்ரூஸுக்குப் போட்ட அந்த அம்மா, நவம்பரில் அந்தப் பட்டியலுக்குத்தான் போட்டேன் என்றார், ஆளுக்கு இல்லையாம். நான்கு வருடத்தில் மூன்று நீதிபதிகள் வந்தார்கள், 2022 ஜூன் 24இல், கருக்கலைப்பை உரிமையாக்கியிருந்த பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் கணக்கில் கொடுத்த வாக்கு நிறைவேறியது. அந்தப் புதிய தீர்ப்பு வந்த வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று எழுதினால் சரியாக இருக்காது, அமைதியாக இருந்தார். பெரியவர் எதிர்பார்த்த மில் எதுவும் திரும்பி வரவில்லை. 2018இல் சீனாவோடு வரிச்சண்டை வந்தபோது, பக்கத்து ஸ்பார்டன்பர்க்கில் இருக்கிற பி.எம்.டபிள்யூ ஆலையிலிருந்து சீனாவுக்குப் போகிற கார்களுக்கே சீனா கூடுதல் வரி போட்டது. பேரன் அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான். “கஷ்டம்தான், ஆனால் ஒருத்தராவது முயற்சி பண்ணினாரே” என்றார் பெரியவர். ஏமாந்தவர் பேசுகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. தான் வாங்கியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வாங்கியிருக்க வேண்டுமா என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் அவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

2024ஐயும் ஒரு வரி சேர்க்கிறேன், கேள்வியில் அதுவும் ஓரமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மில்வாக்கியில் முதல் விவாதம், எட்டுப் பேர் மேடையில், ட்ரம்ப் வரவே இல்லை. இந்தத் தடவையும் கை தூக்கச் சொன்னார்கள்: நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொன்னாலும் அவரை ஆதரிப்பீர்களா? ஆறு கைகள் உயர்ந்தன. நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் கொண்டாடிய, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமியின் கை எல்லாருக்கும் முன்னால் உயர்ந்தது. அயோவாவில் 7.7 சதவீதம் வாங்கி, அன்று இரவே விலகி, ட்ரம்பை ஆதரித்தார். பிப்ரவரியில் எங்கள் ஊர் முன்னாள் கவர்னர் நிக்கி ஹேலி சொந்த மாநிலத்திலேயே 60க்கு 40 என்று தோற்றார்.

பெரியவரின் கராஜ் கதவில் 2015ஆம் வருடத்துப் பக்கம் இன்னும் இருக்கிறது, மஞ்சளாகி, 16 முகங்களில் பென்சில் கோட்டோடு. இந்தத் தடவை புதிதாக ஒன்றும் ஒட்டவில்லையா என்று கேட்டேன். “பட்டியல் எங்கே இருந்தது, ஒட்டுவதற்கு?” என்றார். அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் யாருக்குப் போட்டார் என்று இந்த முறை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.